மோங்கோடிபி நிரல்களின் குறைகளைக் கண்டுபிடிக்கும் கருவிகள்: எது எதைப் பிடிக்கும், எது கோட்டை விடும்

வேகமாக ஓடும் குவெரிகள்தான் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகள்) மோங்கோடிபி என்ற தரவுத்தளத்தில் ஓடும் பல செயலிகளை மெதுவாக்குகின்றன. கேட்க முரணாகத் தோன்றும். ஆர்டர் பட்டியலைக் காட்டும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 50 ஆர்டர்களை ஒரே குவெரியில் வாங்குகிறது. பிறகு ஒவ்வோர் ஆர்டருக்கும் உரிய வாடிக்கையாளர் பெயரை லூப்புக்குள் இருந்தபடி தனித்தனியாகக் கேட்கிறது. ஆக மொத்தம் 51 முறை சர்வருக்குப் போய் வருகிறது. ஒவ்வொன்றும் ஐடி இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) வழியாக ஒரு மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடும். செயலியும் சர்வரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் 20 மில்லிவிநாடி நெட்வொர்க் தூரம் வந்துவிட்டால், பக்கம் திறக்க ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அப்போதும் சர்வரில் மெதுவான குவெரி என்று ஒன்றுகூட இருக்காது.

சிறுதுளி பெருவெள்ளம் ஆகும் இந்த வகைக் குறையைப் பிடிக்கிறதா என்பதுதான் இந்த மதிப்பீட்டில் முதல் அளவுகோல். சர்வரோடு வரும் புரொஃபைலர், எக்ஸ்ப்ளெயின், நோ டேபிள் ஸ்கேன் அமைப்பு. தனியாக நிறுவும் கம்பாஸ். மேகச் சேவையான அட்லஸின் பெர்ஃபார்மன்ஸ் அட்வைசர். நிரலை ஓட்டாமலேயே படிக்கும் ஈஎஸ்லிண்ட், செம்கிரெப், கோட்கியூஎல் ஆகியவை இங்கே வருகின்றன. எடுத்துக்காட்டுகள் நோட் ஜேஎஸ், அதில் மோங்கோடிபியைப் பயன்படுத்த உதவும் மோங்கூஸ் நூலகம் ஆகியவை சார்ந்தவை. பைத்தான், ஜாவா ஆட்களுக்கும் சர்வர் பக்கக் கருவிகள் அப்படியே பொருந்தும்.

புரொஃபைலர்: இருப்பதிலேயே சிறந்தது, சரியாக வைத்தால்

சர்வரில் ஓடும் செயல்களைப் பதிவுசெய்யும் புரொஃபைலருக்கு மூன்று நிலைகள். 0 என்றால் அணைப்பு. 1 என்றால் குறித்த நேர வரம்பைத் தாண்டிய செயல்கள் மட்டும் பதிவாகும். 2 என்றால் எல்லாமே பதிவாகும். வரம்பு, தனியாகச் சொல்லாவிட்டால், 100 மில்லிவிநாடி. நிலை 0-இல் இருந்தாலும் வரம்பைத் தாண்டியவை சர்வர் லாகில் விழுந்துகொண்டேதான் இருக்கும். 4.4 பதிப்பிலிருந்து லாக் ஜேசான் வடிவத்தில் வருவதால், 51803 என்ற எண்ணுள்ள வரிகளைப் பொறுக்கினால் மெதுவான குவெரிகள் எல்லாம் கையில் கிடைக்கும்.

பலர் நிலை 1-ஐப் போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். அந்த 51 பயணங்கள் நிலை 1-இல் தலைகாட்டவே காட்டாது. வரம்பை 5 மில்லிவிநாடிக்கு இறக்கினாலும் வராது. நிலை 2-தான் வேண்டும். அதுவும் டெஸ்ட் சர்வரில் மட்டும். புரொடக்‌ஷனில் நிலை 2 போட்டால் ஒவ்வொரு செயலுக்கும் இன்னோர் எழுத்துவேலை கூடும்.

வைக்கும் முறை இதுதான். முதலில் நிரலில் ஒரு சிறு மாற்றம்: படிக்கும் ஒவ்வொரு குவெரியோடும் ஒரு குறிப்பு போக வேண்டும். டிரைவரிலும் (செயலியைச் சர்வரோடு இணைக்கும் நூலகம்) மோங்கூஸிலும் இதற்கென்றே ‘காமெண்ட்’ என்ற வசதி இருக்கிறது. அதில் எந்தப் பக்கம், எந்தக் கோரிக்கை எண் என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். பக்கத்தின் பெயர் மட்டும் போதாது. கோரிக்கை எண் இல்லாவிட்டால், ஒருவர் 51 குவெரி ஓட்டினாரா, 51 பேர் ஆளுக்கொன்று ஓட்டினார்களா என்று பிரித்தறிய வழியில்லை.

அடுத்து, பதிவு விழும் இடத்தைப் பெரிதாக்க வேண்டும். ‘சிஸ்டம் புரொஃபைல்’ என்ற அந்த கலெக்‌ஷன் (ஆவணம் எனப்படும் பதிவுகளின் தொகுப்பு) இயல்பாக வெறும் 1 எம்பி. நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியதை எழுதும். நிலை 2-இல் அது சில நொடிகளில் நிறைந்துவிடும், தேடிவந்த சாட்சியும் அழிந்துவிடும். புரொஃபைலரை 0-க்குக் கொண்டுவந்து, அந்த கலெக்‌ஷனை நீக்கி, அதே பெயரில் 100 எம்பி உச்சவரம்போடு ‘கேப்டு’ கலெக்‌ஷனாக உருவாக்கி, பிறகு நிலை 2-ஐப் போடுங்கள். வரிசை முக்கியம்: புரொஃபைலர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நீக்க முடியாது.

இப்போது சந்தேகப்படும் பக்கத்தை ஒரே ஒருமுறை திறந்தால் போதும். பதிவுகளை நான்கு புலங்களால் குழுவாக்குங்கள்: காமெண்ட், கலெக்‌ஷன் பெயர், செயல் வகை, திட்டச் சுருக்கம். எண்ணிக்கையை இறங்குவரிசையில் அடுக்குங்கள். ஒரே கோரிக்கைக்குள் ஒரே கலெக்‌ஷனை ஒரே விதத்தில் 10 தடவைக்கு மேல் தொட்டிருந்தால் அங்கே ஒரு லூப் ஒளிந்திருக்கிறது என்று பொருள். ஐடி வழியாக ஒவ்வொன்றாக எடுத்த குவெரிகள் 7.0 வரை ‘ஐடிஹேக்’ என்றும், 8.0-இல் ‘எக்ஸ்பிரஸ்’ என்று தொடங்கும் பெயரோடும் தெரியும். பட்டியலின் உச்சியில் அந்தப் பெயரைக் கண்டால் நிரலைத் திறந்து லூப்பைத் தேடலாம். தீர்வு எளிது: ஐடிகளை முதலில் சேர்த்துக்கொண்டு ‘டாலர் இன்’ கொண்டு ஒரே குவெரியில் கேட்பது. 51 பயணம் 2 ஆகிவிடும்.

தொடர்புடைய ஆவணங்களைச் சேர்த்து எடுத்துத்தரும் மோங்கூஸின் ‘பாப்புலேட்’ மேல் வீணாகப் பழி போடுகிறவர்கள் உண்டு. பட்டியல் மொத்தத்துக்கும் ஒருமுறை கூப்பிட்டால் அது ‘டாலர் இன்’ முறையில்தான் கேட்கிறது. லூப்புக்குள் ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனியாகக் கூப்பிடும்போதுதான் சிக்கல்.

அதே பதிவில் இன்னும் நான்கு குறைகள் கண்ணில் படும். பார்த்த ஆவணங்களின் எண்ணிக்கை, திருப்பித் தந்த எண்ணிக்கையைவிட நூறு மடங்கு இருந்தால் இண்டெக்ஸ் சரியில்லை. ‘சார்ட் ஸ்டேஜ் உண்டு’ என்ற புலம் இருந்தால் வரிசைப்படுத்தும் வேலை நினைவகத்தில் நடந்திருக்கிறது. பதிலின் நீளம் பல லட்சம் பைட்டாக இருந்து, திரையில் இரண்டே புலங்கள் தெரிந்தால், தேவையான புலங்களை மட்டும் கேட்கும் ‘புரொஜெக்‌ஷன்’ போடவில்லை. நான்காவது மிக ஆபத்தானது: செயல் வகை ‘ரிமூவ்’ என்று இருந்து, நிபந்தனை வெறுமையாக இருப்பது.

அந்த நான்காவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மோங்கூஸ் 6-இல் ‘ஸ்ட்ரிக்ட் குவெரி’ என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கும். ஸ்கீமாவில் (புலங்களின் வரையறை) இல்லாத புலம் நிபந்தனையில் வந்தால் அது சத்தமில்லாமல் கழற்றிவிடும். புலத்தின் பெயரில் ஓர் எழுத்துப்பிழையோடு ‘டெலிட் மெனி’ கொடுத்தால், அந்த ஒரே நிபந்தனையும் கழன்று, மொத்த கலெக்‌ஷனையும் அழிக்கும் கட்டளையாகச் சர்வருக்குப் போகும். மோங்கூஸ் 7-இல் இந்த அமைப்பு இயல்பாக அணைக்கப்பட்டுவிட்டது. 6-இலேயே தங்கிவிட்ட பழைய செயலிகளிலும், 7-க்கு மாறும்போது ‘பழையபடியே இருக்கட்டும்’ என்று வேண்டுமென்றே திரும்ப இயக்கியவற்றிலும் இந்தக் கண்ணிவெடி இன்னும் இருக்கிறது. புரொஃபைலர் பதிவில் நிபந்தனையில்லா ‘ரிமூவ்’களைத் தேடுவது ஒரு நிமிட வேலை. டெஸ்ட் ஓட்டம் முடிந்ததும் தவறாமல் செய்யுங்கள்.

புரொஃபைலரின் குறைகளும் சொல்லப்பட வேண்டியவை. நிலை தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் தனி. ஆனால் நேர வரம்பு அந்தச் சர்வர் புராசஸ் முழுமைக்கும் பொது. ஒரு தரவுத்தளத்தில் வரம்பை 0-க்கு இறக்கினால் சர்வர் லாக் முழுக்க நிரம்பி வழியும். தரவைப் பல சர்வர்களுக்குப் பிரித்து ஷார்டு செய்த அமைப்பில், கோரிக்கைகளை வழிப்படுத்தும் ‘மோங்கோஸ்’ மேல் புரொஃபைலரை இயக்க முடியாது. ஒவ்வொரு ஷார்டிலும் தனியாக இயக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குவெரியில் வந்த தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் அப்படியே பதிவாகும். புரொடக்‌ஷன் தரவின் நகலை வைத்துச் சோதிப்பவர்கள், வேலை முடிந்ததும் அந்த கலெக்‌ஷனை அழிப்பதையும் வேலையில் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளட்டும்.

எக்ஸ்ப்ளெயின்

ஒரு குவெரி சந்தேகத்துக்கு உள்ளானதும் அதை விசாரிக்க எக்ஸ்ப்ளெயின். மோங்கோ ஷெல்லில் எதுவும் சொல்லாமல் கூப்பிட்டால் திட்டத்தை மட்டும் காட்டும், ஓட்டிப் பார்க்காது. ‘எக்ஸிக்யூஷன் ஸ்டாட்ஸ்’ என்று கேட்டால்தான் உண்மையான எண்ணிக்கைகள் வரும். பார்க்க வேண்டியவை மூன்று: திருப்பித் தந்தவை, பார்த்த இண்டெக்ஸ் சாவிகள், பார்த்த ஆவணங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் நல்ல குவெரி.

இண்டெக்ஸ் இருந்தும் மெதுவாக இருக்கும் குவெரிகளில் வழக்கமான தவறு, புலங்களின் வரிசை. நிலை ‘அனுப்பப்பட்டது’ என்று சமமாக இருக்க வேண்டும், தொகை 1,000-க்கு மேல் இருக்க வேண்டும், தேதி வாரியாக அடுக்க வேண்டும் என்று ஒரு குவெரி. நிலை, தொகை, தேதி என்ற வரிசையில் இண்டெக்ஸ் போட்டால், தொகை வரம்பு குறுக்கே நிற்பதால் தேதி வரிசை இண்டெக்ஸிலிருந்து கிடைக்காது. நினைவகத்தில் அடுக்க வேண்டிவரும். சரியான வரிசை: சமம், அடுக்கு, வரம்பு. அதாவது நிலை, தேதி, தொகை.

நினைவகத்தில் அடுக்குவதற்கு 100 எம்பி எல்லை உண்டு. 6.0-க்கு முன்பு, வட்டைப் பயன்படுத்த வெளிப்படையாக அனுமதி தராவிட்டால், எல்லையைத் தாண்டியதும் குவெரி பிழையோடு நின்றுவிடும். 6.0 முதல் இயல்பாகவே வட்டுக்கு எழுதிக்கொண்டு தொடர்கிறது. பயனருக்கு இது நல்லது. குறையைத் தேடுகிறவருக்கு நல்லதல்ல: முன்பு பிழையாகக் கத்தியது, இப்போது மெதுவாக மட்டும் இருக்கிறது.

நோ டேபிள் ஸ்கேன்: அதிகம் பேர் கவனிக்காத நல்ல அமைப்பு

இண்டெக்ஸ் இல்லாத குவெரியை டெஸ்ட் சூழலில் நேரத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அங்கே கலெக்‌ஷனில் நூறு ஆவணங்கள்தான் இருக்கும். முழுவதையும் துழாவினாலும் ஒரு மில்லிவிநாடிதான். புரொடக்‌ஷனில் ஐம்பது லட்சம் ஆனதும்தான் வண்டவாளம் தெரியும். ‘நோ டேபிள் ஸ்கேன்’ என்ற சர்வர் அமைப்பை இயக்கினால், இண்டெக்ஸ் பயன்படுத்தாமல் கலெக்‌ஷனைத் துழாவ வேண்டிய குவெரியைச் சர்வர் மறுத்து, பிழையைத் திருப்பித் தரும். தரவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மறுக்கும் என்பதுதான் இதன் மதிப்பு. டெஸ்ட் சிவப்பாகும், நிரலை எழுதியவருக்கு அன்றே தெரிந்துவிடும்.

சர்வரைத் தொடங்கும்போதும் இயக்கலாம், ஓடிக்கொண்டிருக்கும்போது ‘செட் பாராமீட்டர்’ கட்டளையாலும் இயக்கலாம். தானியங்கி டெஸ்ட் ஓடும் கண்டெய்னருக்கு இதுவே போதும். புரொடக்‌ஷனில் இயக்கவே கூடாது. நிர்வாகக் குவெரிகளும் சேர்ந்து மறுக்கப்படும் வாய்ப்பு உண்டு.

தொல்லை ஒன்று வரும்: மாவட்டப் பட்டியல் போன்ற சிறிய கலெக்‌ஷனை இண்டெக்ஸ் இல்லாத ஒரு புலத்தால் வடிகட்டிப் படிப்பது நியாயமான வேலைதான், அதையும் மறுத்துவிடும். அந்த இடங்களில் ஐடி இண்டெக்ஸை ‘ஹிண்ட்’ ஆகக் கொடுத்தால் இண்டெக்ஸ் வழியாகப் படித்துத் தப்பிக்கும். ஒருவிதத்தில் நல்லதும்கூட: முழு கலெக்‌ஷனையும் தெரிந்தேதான் படிக்கிறோம் என்று நிரலிலேயே எழுதிவைத்தது போல ஆகிறது. மோசமான இண்டெக்ஸை இது பிடிக்காது, இல்லாத இண்டெக்ஸை மட்டும் பிடிக்கும். எழுத்தின் பெரிது சிறிது பாராத ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேடலும் தப்பிவிடும். அது இண்டெக்ஸைத் தொடும், ஆனால் எல்லாச் சாவிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும். அதற்குத் தீர்வு ‘கொலேஷன்’ (எழுத்துகளை ஒப்பிடும் விதி) வலிமை 2 வைத்த இண்டெக்ஸ். குவெரியிலும் அதே கொலேஷனைக் கொடுக்க வேண்டும். மறந்தால் அந்த இண்டெக்ஸ் இருந்தும் பயனில்லை.

கம்பாஸ்

தரவைத் திரையில் பார்க்க உதவும் செயலி. இலவசம், நிறுவ எளிது, புதியவர்களுக்குக் கண்ணுக்கு இதமானது. இதன் ஸ்கீமா பகுதி ஒவ்வொரு புலத்திலும் எந்த வகைத் தரவு எத்தனை சதவீதம் என்று படமாகக் காட்டும். ஒரே புலம் சில ஆவணங்களில் எழுத்தாகவும் சிலவற்றில் எண்ணாகவும் இருப்பது தளர்வான ஸ்கீமாவின் தீராத நோய். வாடிக்கையாளர் ஐடி ஓரிடத்தில் ‘ஆப்ஜெக்ட் ஐடி’யாகவும் இன்னோரிடத்தில் எழுத்தாகவும் இருந்தால், அவற்றை இணைத்துத் தரும் ‘டாலர் லுக்அப்’ எந்தப் பிழையும் சொல்லாமல் வெறும் அரேயை (பட்டியலை) தரும். மோங்கூஸ் பயன்படுத்துவோர் இதில் கூடுதலாகச் சறுக்குவார்கள்: ‘ஃபைண்ட்’ கொடுக்கும்போது எழுத்தை ஆப்ஜெக்ட் ஐடியாக மோங்கூஸே மாற்றித் தருகிறது, ‘அக்ரிகேட்’ கொடுக்கும்போது மாற்றாது. ஒரே மதிப்பு ஒரு குவெரியில் கிடைக்கும், இன்னொன்றில் கிடைக்காது.

ஆனால் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. கம்பாஸ் 1,000 ஆவணங்களைத்தான் மாதிரியாக எடுக்கிறது. பத்தாயிரத்தில் ஒன்று கெட்டிருந்தால், பத்துக்கு ஒன்பது முறை அந்த மாதிரியில் அது வராது. அப்படிப்பட்ட ஒற்றை ஆவணம்தான் நள்ளிரவில் கணக்குமுடிக்கும் நிரலைக் கவிழ்க்கும். எனவே கம்பாஸ் காட்டும் ‘100 சதவீதம் எண்’ என்பதை நம்பி நிற்காமல், ‘டாலர் டைப்’ வைத்து, எண் அல்லாதவற்றை முழு கலெக்‌ஷனிலும் எண்ணிப் பாருங்கள். பிறகு ஜேசான் ஸ்கீமா விதியைச் சேருங்கள், 3.6 முதல் இந்த வசதி இருக்கிறது. முதல் சில வாரங்கள் ‘எச்சரிக்கை’ நிலையில் வைத்தால் எழுதுவது மறுக்கப்படாது, மீறல்கள் லாகில் விழும். நிரலின் எந்த மூலை தவறான வகையை எழுதுகிறது என்று அதிலிருந்து தெரிந்த பின் ‘பிழை’ நிலைக்கு மாற்றலாம்.

அரேக்களின் குறைந்த, சராசரி, அதிக நீளத்தையும் கம்பாஸ் காட்டும். எல்லையின்றி வளரும் அரே ஒரு கெட்ட பழக்கம்: பதிவுக்குள்ளேயே எல்லாக் கருத்துகளையும், சாதனத்துக்குள்ளேயே எல்லா அளவீடுகளையும் தள்ளிக்கொண்டே போவது. ஓர் ஆவணத்தின் உச்ச அளவு 16 எம்பி. அதை எட்டும் நாளில் எழுதுவது நின்றுவிடும். அதற்கு வெகு முன்பே ஒவ்வொரு படிப்பும் கனத்துப்போகும். இங்கும் மாதிரியை நம்பாமல், 4.4-இல் வந்த ‘டாலர் பிசான் சைஸ்’ கொண்டு அளவை இறங்குவரிசையில் அடுக்கி, மேலே உள்ள 20 ஆவணங்களைப் பாருங்கள். கடைசிச் சில மட்டும் தேவையென்றால் ‘டாலர் புஷ்’ உடன் ‘டாலர் ஸ்லைஸ்’ சேர்த்து நீளத்தைக் கட்டுப்படுத்தலாம். எல்லாமே தேவையென்றால் தனி கலெக்‌ஷன்தான் வழி.

அட்லஸ் பெர்ஃபார்மன்ஸ் அட்வைசர்

அட்லஸின் கட்டணச் சர்வர் அளவுகளில் எம்10 முதல்தான் கிடைக்கும். இலவச அட்லஸில் கிடையாது. மெதுவான குவெரிகளின் லாகைத் தானே படித்து, என்ன இண்டெக்ஸ் போடலாம், எதை நீக்கலாம், எங்கே அரே வீங்கியிருக்கிறது, எங்கே ‘லுக்அப்’ மிகுந்திருக்கிறது என்று சொல்லும். தரவுத்தள நிர்வாகத்துக்குத் தனி ஆள் இல்லாத சிறிய குழுவுக்கு உண்மையிலேயே உதவும். பார்த்ததற்கும் திருப்பித் தந்ததற்கும் உள்ள விகிதம் 1,000-ஐத் தாண்டினால் மணியடிக்கும் எச்சரிக்கையும் இயல்பாகவே உண்டு. ஆயிரம் மிகத் தாராளம்; புதிய செயலியில் 100-க்கு இறக்கி வைக்கலாம்.

அடித்தளம் மெதுவான குவெரி லாக் என்பதால், முதலில் சொன்ன 51 பயணக் குறை இதன் கண்ணுக்கு முற்றிலும் தெரியாது. பணம் கட்டி வாங்கிய கருவி ‘பரிந்துரை எதுவும் இல்லை’ என்று சொல்வதை, நிரல் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய ஆபத்து.

அது சொல்லும் இண்டெக்ஸ்களை எல்லாம் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். ஒரு கலெக்‌ஷனுக்கு 64 வரை அனுமதி உண்டு. ஆனால் ஒவ்வொரு இண்டெக்ஸும் தரவை எழுதும் ஒவ்வொரு செயலின் மேலும் சுமை. நிலை, தேதி என்ற கூட்டு இண்டெக்ஸ் இருந்தால் நிலைக்குத் தனி இண்டெக்ஸ் பெரும்பாலும் வீண். பயன்படாத இண்டெக்ஸைக் கண்டுபிடிக்க ‘டாலர் இண்டெக்ஸ் ஸ்டாட்ஸ்’ இலவசமாகவே இருக்கிறது. அதில் தவறிழைக்க இரண்டு இடங்கள்: எண்ணிக்கை அந்த ஒரு நோடுக்கு (தரவின் ஒரு பிரதியை வைத்திருக்கும் சர்வர்) மட்டுமானது, சர்வரை மறுபடி தொடங்கினால் பூஜ்யத்துக்குத் திரும்பும். எழுதுவதை ஏற்கும் பிரைமரியில் பூஜ்யம் காட்டும் இண்டெக்ஸ், அதன் நகலான செகண்டரியில் மாதாந்திர அறிக்கைக்கு உழைத்துக்கொண்டிருக்கலாம். எல்லா நோடுகளிலும் பாருங்கள். ஒரு மாதமாவது பொறுங்கள். நீக்கும் முன் 4.4-இல் வந்த ‘ஹிடன்’ வசதியால் மறைத்து வையுங்கள். மறைத்த இண்டெக்ஸை நொடியில் மீட்கலாம். நீக்கியதை மறுபடி கட்ட மணிக்கணக்கில் ஆகலாம். டிடிஎல் இண்டெக்ஸ் காலாவதி ஆவணங்களை நீக்கும் வேலை அந்த எண்ணிக்கையில் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிரலைப் படிக்கும் கருவிகள்

ஈஎஸ்லிண்டில் ‘நோ அவெய்ட் இன் லூப்’ என்றொரு விதி இருக்கிறது. பரிந்துரைத் தொகுப்பில் அது இல்லை; நாமே இயக்க வேண்டும். தரவுத்தளத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஆயினும் லூப்புக்குள் காத்திருக்கும் எந்த அழைப்பையும் சுட்டுவதால், குவெரி வேறொரு கோப்பின் ஃபங்ஷனுக்குள் ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடும். பொய் எச்சரிக்கைகள் உண்டு. மறுமுயற்சி லூப் போன்றவை. அவற்றுக்கு வரிக்கு வரி விலக்குக் குறிப்பு எழுதுவது தாங்கக்கூடிய விலைதான்.

அதன் இரண்டு ஓட்டைகள் மோங்கோடிபி ஆட்களை நேரடியாகப் பாதிக்கும். ஒன்று, ‘ஃபார் அவெய்ட்’ லூப்பை அந்த விதி வேண்டுமென்றே விட்டுவிடுகிறது. கர்சரை (முடிவுகளை ஒவ்வொன்றாகத் தரும் பொருள்) ஓட்டிக்கொண்டு உள்ளே இன்னொரு ‘ஃபைண்ட் ஒன்’ கேட்பது இந்த வகையில் எழுதப்படுவதே வழக்கம், அது தப்பிவிடும். இரண்டு, ‘மேப்’ போட்டு, எல்லாவற்றையும் ‘பிராமிஸ் ஆல்’ கொண்டு ஒன்றாகக் காத்திருக்கும் வடிவம். அதுவும் தப்பும். அது குறையைத் தீர்ப்பதுபோலத் தோன்றி இடம் மாற்றுகிறது: 500 குவெரிகள் ஒரே நேரத்தில் கிளம்பி, இயல்பாக 100 இணைப்புகள் கொண்ட பூலை நிறைத்து, மற்றப் பயனர்களின் கோரிக்கைகளை வரிசையில் நிற்க வைக்கும்.

இந்த இரண்டு வடிவங்களுக்கும் செம்கிரெப்பில் சொந்த விதி எழுதலாம். ‘ஃபார் அவெய்ட்’டுக்குள் ‘ஃபைண்ட் ஒன்’ அல்லது ‘ஃபைண்ட் பை ஐடி’ என்றொரு வடிவம். ‘மேப்’பின் அசின்க் ஃபங்ஷனுக்குள் அதே இரண்டும் என்று இன்னொரு வடிவம். யாமல் கோப்பில் இருபது வரிகூட வராது. இலவசப் பதிப்பு கோப்பு விட்டுக் கோப்பு தொடராது என்பதால், ஃபங்ஷனுக்குள் மறைந்ததை இது காணாது. அந்த இடத்தை மேலே சொன்ன புரொஃபைலர் எண்ணிக்கைதான் அடைக்க வேண்டும்.

மோங்கூஸில் ‘அவெய்ட்’ மறந்த ‘அப்டேட் ஒன்’ சர்வருக்குப் போகவே போகாது. குவெரி பொருள் உருவாகும், யாரும் ஓட்டமாட்டார்கள், பிழையும் வராது. டைப்ஸ்கிரிப்ட் ஈஎஸ்லிண்டின் ‘நோ ஃப்ளோட்டிங் பிராமிஸஸ்’ விதி இதைப் பிடிக்கும் என்று நம்பி இருப்பவர்கள், பதிப்பு 8 முதல் அந்த விதி இயல்பாக உண்மையான பிராமிஸ்களை மட்டுமே பார்க்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மோங்கூஸின் குவெரி பிராமிஸ் இல்லை, ‘தென்’ என்ற மெத்தட் உள்ள பொருள் மட்டுமே. ‘செக் தெனபிள்ஸ்’ என்ற விருப்பத்தை இயக்கினால்தான் சிக்கும்.

கோட்கியூஎல் இந்தக் கூட்டத்தில் வேறு வேலை செய்வது. பொதுக் களஞ்சியங்களுக்கு இலவசம். பயனர் அனுப்பிய மதிப்பு எந்த வழியாகக் குவெரியின் நிபந்தனைக்குப் போய்ச் சேருகிறது என்று கோப்புகளைத் தாண்டித் தொடரும். கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் ‘டாலர் என்இ’ கொண்ட ஜேசான் பொருளை ஒருவர் அனுப்பினால், ‘இதற்குச் சமமில்லாதது’ என்ற நிபந்தனையாகி, கடவுச்சொல் தெரியாமலேயே உள்ளே வந்துவிடலாம். எக்ஸ்பிரஸ் 5-இல், 2024 முதல், யூஆர்எல் வழியாக இப்படிப் பொருள் அனுப்புவது இயல்பாக அடைபட்டுவிட்டது. ஜேசான் உடல் வழியாக வருவது திறந்தே இருக்கிறது. கோட்கியூஎல் சுட்டிய இடத்தில் மதிப்பு எழுத்துதானா என்று வகையைச் சோதிக்கவும், அல்லது ‘டாலர் ஈக்யூ’வுக்குள் வைக்கவும். இரண்டையும் அது பாதுகாப்பாக ஏற்று எச்சரிக்கையை எடுத்துவிடும். மோங்கூஸ் 6 முதல் ‘சானிடைஸ் ஃபில்டர்’ என்ற அமைப்பும் உண்டு. பாதுகாப்புக்குக் கோட்கியூஎல்லை மனமாரப் பரிந்துரைக்கலாம். குவெரியின் வேகம், ஆவணத்தின் வடிவம் பற்றி அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

இணைப்பு ஒழுங்கு

கோரிக்கைக்குக் கோரிக்கை, சர்வரோடு இணையும் புதிய ‘மோங்கோ கிளையண்ட்’ உருவாக்கும் நிரலைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். ‘சர்வர் ஸ்டேட்டஸ்’ பதிலில் இணைப்புகள் பகுதியில் ‘டோட்டல் கிரியேட்டட்’ எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்தை 100 முறை திறந்து, மறுபடி பாருங்கள். சில எண்கள் கூடினால் சரி. நூற்றுக்கணக்கில் கூடினால் கிளையண்ட் உருவாக்கத்தை ஃபங்ஷனுக்கு வெளியே, புராசஸுக்கு ஒன்று என்று நகர்த்துங்கள்.

எந்தக் கருவியும் பிடிக்காதது

மின்னஞ்சல் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் சேர்ப்பது. இருப்பு எவ்வளவு என்று படித்து, ஒன்றைக் கழித்து, திரும்ப எழுதுவது. இரண்டு கோரிக்கைகள் ஒரே நொடியில் வந்தால் இரண்டும் ‘இல்லை’ என்றே பார்க்கும், இரண்டும் சேர்க்கும். இங்கே ஒவ்வொரு குவெரியும் வேகமானது, இண்டெக்ஸ் உள்ளது, வகை சரியானது. மேலே சொன்ன எட்டுக் கருவிகளும் பச்சை காட்டும். மோங்கூஸின் பதிப்பு எண் புலம் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் உண்டு. இயல்பாக அது அரே சார்ந்த சில மாற்றங்களுக்கு மட்டுமே காவல். ‘ஆப்டிமிஸ்டிக் கன்கரன்சி’ விருப்பத்தை ஸ்கீமாவில் இயக்கினால்தான் மற்றப் புலங்களுக்கும் பொருந்தும்.

கழிப்பதற்கு ‘டாலர் இன்க்’ பயன்படுத்தி, ‘இருப்பு பூஜ்யத்துக்கு மேல்’ என்பதை அதே அப்டேட்டின் நிபந்தனையாக வையுங்கள். மின்னஞ்சலுக்கு, ஒரே மதிப்பை இரண்டு முறை அனுமதிக்காத யூனிக் இண்டெக்ஸ். மோங்கூஸ் ஸ்கீமாவில் ‘யூனிக்’ என்று எழுதுவது சரிபார்ப்பு இல்லை; இண்டெக்ஸ் உருவாக்கும் கோரிக்கை மட்டுமே. புரொடக்‌ஷனில் ‘ஆட்டோ இண்டெக்ஸ்’ அணைத்திருந்தால் அந்த இண்டெக்ஸ் உருவாகியே இருக்காது. ஏற்கெனவே இரட்டைப் பதிவுகள் இருந்தாலும் உருவாகாது. இருந்தால் மாற்றி, இல்லாவிட்டால் சேர்க்கும் ‘அப்சர்ட்’ கொடுத்தால் போதும் என்பதும் தவறு. யூனிக் இண்டெக்ஸ் இல்லாமல் இரண்டு ‘அப்சர்ட்’கள் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டு ஆவணங்கள் உருவாகலாம்.

சோதிக்கும் வழி: புரொடக்‌ஷனில் உள்ள அதே அமைப்போடு டெஸ்ட் சர்வரை எழுப்பி, ஒரே மின்னஞ்சலோடு 20 பதிவுக் கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பவும். கலெக்‌ஷனில் ஓர் ஆவணம் மட்டும் இருக்க வேண்டும். மீதி 19 கோரிக்கைகளில் சர்வரின் 11000 (இரட்டைப் பதிவு) பிழை வரை போனவையும், ‘ஏற்கெனவே இருக்கிறதா’ என்று பார்க்கும்போதே நின்றவையும் பயனருக்கு ‘இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே உள்ளது’ என்ற ஒரே பதிலைத் தர வேண்டும். ஒன்றாவது 500 பிழையாக வெளியே வந்தால், 11000-ஐக் கையாளும் பகுதி நிரலில் இன்னும் எழுதப்படவில்லை.